காப்புக்கு முந்தின சனிக்கிழமை

தாட்சாயிணிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்துகிறவர்களுக்குப் பாதிக் கோபம் வாய் வழியாகவே போய்விடும். அவள் அப்படி விடுகிறவள் இல்லை. ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் அவள் தெருக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஒரு தடவை தண்ணீர் லாரிக்காரன் அவசரத்தில் அவளுடைய பித்தளைக் குடத்தை எட்டி உதைத்துவிட்டுப் போனான். அவள் வாயே திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவனே தங்கை நிச்சயதார்த்தத்துக்குச் சமைக்க ஆள் தேடி அவள் வாசலில் வந்து நின்றான். உள்ளே போய் அந்த நசுங்கின குடத்தை எடுத்து வந்து அவன் காலடியில் வைத்து, "பாயசம் இதுல வெச்சிரட்டுமா நைனா?" என்று கேட்டாள். பாவம், அவன் வந்த வழியே போய்விட்டான்.

இப்பேர்ப்பட்ட பொம்பளையிடம்தான் நிர்மல் வம்பு வைத்துக்கொண்டான்.

நிர்மலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்துப் பையன், முப்பத்திரண்டு வயது, காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை போக, சனி ஞாயிறுகளில் தன்னைப் போன்ற ஆட்களை வேனில் ஏற்றி ஜவ்வாது மலைக்குக் கூட்டிக்கொண்டு போவான். அருவிக் குளியல், சாமை வயலில் நடை, பலா மரத்தடியில் கூடாரம், மலைக்கிராமத்து மனிதர்களோடு பேச்சு. வாரம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் குளிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அங்கே போய்ச் சேற்றில் கால் வைத்ததும் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். தாட்சாயிணிக்கும் பிடித்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கேன்டீனில் பதினெட்டு வருடம் வெந்தவள் அவள். கேன்டீனை மூடிய பிறகு நிர்மல்தான் அவளைக் கூப்பிட்டான். சமையலுக்கு என்றுதான் கூப்பிட்டான். ஆனால் அவள் செய்த வேலை வேறு. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வாரம் முன்னால் பூந்தமல்லியில் பஸ் ஏறி, வேலூரில் மாறி, போளூரில் மாறி, நெல்லிமரத்தூர் என்ற அந்தச் சின்னக் கிராமத்துக்குத் தனியாகப் போவாள். சில தடவை வேன் ஓட்டுகிற பூந்தமல்லி பஷீருதீன் கூட வருவார். போனதும் பொன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து விசாரிப்பாள். யார் வீட்டிலாவது சாவு உண்டா, எந்த ஓடையில் பெண்கள் குளிக்கிற நேரம் எது, எந்த வயலில் செருப்போடு நடக்கக் கூடாது, எந்த நாளில் கறி சமைத்தால் ஊருக்கு ஆகாது. எல்லாம் கேட்டுக்கொண்டு, அவர்கள் கொடுக்கிற கஞ்சியைக் குடித்துவிட்டுத் திரும்புவாள். அதனால்தான் மூன்று வருடமாக அந்த ஊரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நிர்மலோ அந்த ஊர் தன் சிரிப்பைப் பார்த்து மயங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

போன வருடம் பங்குனியில்தான் அது நடந்தது. சனிக்கிழமை காலை நிர்மல் கோழி வாங்கி வந்தான். ஐஸ் பெட்டியில் கூல் டிரிங்க்ஸ் அடுக்கிவிட்டதால் கோழிக்கு இடமில்லை. கோழிப் பை வேனின் கூரை மேல் மற்ற மூட்டைகளோடு ஏறியது. ஏழு மணி நேர வெயில். மலைக்குப் போய் இறக்கியபோது தாட்சாயிணி மோந்து பார்த்தாள். தூக்கிப் போடு தம்பி, சாம்பார் சாதமும் முட்டையும் இருக்கிறது, போதும் என்றாள். அவன் கேட்கவில்லை. பார்பெக்யூ என்று போஸ்டரில் போட்டாயிற்றாம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மஞ்சளைக் கொட்டி, அவனே கழுவி, அவனே கம்பியில் குத்திச் சுட்டான். விடிவதற்குள் பதினோரு பேருக்கு வாந்தியும் பேதியும். போளூர் ஆஸ்பத்திரி வரைக்கும் போனது.

ஊர் திரும்பிய மறுநாள் நிர்மல் பயணங்களுக்கென்று நடத்துகிற தன் இணையப் பக்கத்தில் எழுதினான். "எங்கள் சமையல்காரரின் சுகாதாரக் குறைவால் ஏற்பட்ட இந்தச் சம்பவத்துக்கு வருந்துகிறோம். அவரை உடனடியாக நீக்கிவிட்டோம்." அதற்குக் கீழே அவள் படம். கரண்டியோடு அடுப்பு முன்னால் நின்று சிரிக்கிற படம், அவனே ஆசையாக எடுத்தது.

படம் ஆவடி முழுக்கப் போனது. காதுகுத்துச் சமையலுக்கு அவளிடம் சொல்லியிருந்தவர்கள் ஆள் மாற்றினார்கள். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வைகாசியில் வந்தது. அவள் ஒரே மகள் தீபிகாவைப் பாடியில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. பெற்றவள்தான் ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டு போக வேண்டும். சம்பந்தியம்மாள் போனில் நயமாகவே சொன்னாள், பிள்ளைத்தாச்சிப் பெண், எதற்கு வீண் பயம், சாதத்தை நாங்கள் கடையில் சொல்லிவிடுகிறோம் என்று. ஊருக்கெல்லாம் வளைகாப்புச் சாதம் கிளறிய கை, சொந்த மகள் வளைகாப்பில் மடியில் சும்மா கிடந்தது.

அடுத்த வாரம் தீபிகா தாய்வீட்டுக்கு வந்தாள். தாட்சாயிணி புளியோதரை கிளறித் தட்டில் போட்டு நீட்டினாள். தீபிகா உடனே கை வைக்கவில்லை. தட்டைப் பார்த்தாள். லேசாக மோந்தாள். அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, பசியில்லைம்மா என்றாள். அவள் மேல் தப்பில்லை, வயிற்றில் பிள்ளை. ஆனால் அந்தப் பார்வை தாட்சாயிணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்றைக்குப் பாத்திரம் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து முடிவு செய்தாள். நிர்மல் தன் வாயாலேயே சொல்ல வேண்டும், நாலு பேர் முன்னால், தப்பு யாருடையது என்று. அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் சரி.

பஷீருதீன் எல்லாவற்றையும் பார்த்தவர். கூரை மேல் கோழியைக் கட்டியதே அவர்தான். ஒரு நாள் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு அவள் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். "நா இன்னா பண்ணுவேன்க்கா. வண்டிக்கு டியூ கீது. அவுரு சவாரிய வுட்டா வேற கதியில்ல" என்றார். அவள் அவரைத் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வருடம் ஓடியது. இந்த ஆடியில் ஒரு மத்தியானம் பொன்னியம்மாவிடமிருந்து போன் வந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கு வழக்கம்போல அழைத்தாள். பேச்சோடு பேச்சாக, நிர்மல் போன் பண்ணியதையும் சொன்னாள். திருவிழா என்றைக்கு என்று மட்டும் கேட்டானாம். இருபத்திரண்டு பேரைச் சனிக்கிழமை கூட்டிவந்து தங்கவைத்து, ஞாயிறு மத்தியானத்துக்குள் கிளம்பிவிடுவானாம்.

"ஞாயித்துக்கிழம விடிய காப்பு கட்றோம். அது தெரிஞ்சுதான் வராங்களா?" என்று கேட்டாள் பொன்னியம்மா.

தாட்சாயிணி கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்தாள். அந்த ஊர்க் கட்டு அவளுக்குத் தெரியும். பூசாரி கையில் காப்பு ஏறும்போது ஊர் எல்லைக்குள் யார் இருந்தாலும், உள்ளூர் ஆளோ வெளியூர் ஆளோ, மஞ்சள் நீர் ஆடுகிற புதன்கிழமை வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது, கறி கிடையாது, கடுகு தாளிக்கிற சத்தம்கூட ஊரில் கேட்கக் கூடாது. மூன்று வருடமும் அவள்தான் இதை விசாரித்து, திருவிழா வாரத்தை ஒதுக்கி வைத்திருந்தாள். ஏன் என்று நிர்மல் ஒரு நாளும் கேட்டதில்லை.

"காப்பப் பத்தி அவன் கேட்டானா?" என்றாள்.

"கேக்கல."

"கேக்காதத நீ ஏன் சொல்ற? வரட்டும்."

பொன்னியம்மா தயங்கினாள். பாவம், ஆபீஸ் போகிற பிள்ளைகள் என்றாள். தாட்சாயிணி அதுவரை அவளிடம் சொல்லாத புளியோதரைக் கதையைச் சொன்னாள்.   கேட்டு முடித்ததும் பொன்னியம்மா, "நீ வெள்ளிக்கிழமையே வந்துடு. இந்த வருசம் கோயில் கஞ்சி உன் பொறுப்பு. நான் ஊர்க்கவுண்டர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள்.

சனிக்கிழமை பிற்பகல் வேன் வந்தது. ஊர் எல்லையில் இரண்டு கம்பம் நட்டு வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். இருபத்திரண்டு பேரும் இறங்கி அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பஷீருதீன் தோரணத்தைப் பார்த்தார். பிறகு பொன்னியம்மா வீட்டு நிழலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த தாட்சாயிணியைப் பார்த்தார். மெதுவாக அவளிடம் நடந்து வந்தார்.

"அக்கா, நாளிக்கு காப்பா?"

"ஆமா பாய்."

"அவுருக்குத் தெரியுமா?"

"கேட்டா சொல்லுங்க."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு வண்டியைப் புளிய மரத்தடியில் ஓரம் கட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நிர்மலும் அவளைப் பார்த்தான். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஆட்களை அருவிக்குக் கூட்டிப் போனான், குளித்துவிட்டு வந்தார்கள், வயல் வரப்பில் நடந்தார்கள், சாமைப் பயிர் எது புல் எது என்று தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தான். மாலையில் ஓடைக்கரையில் கோழி சுட்டார்கள். சமையலுக்கு இப்போதெல்லாம் ஆள் வைப்பதில்லை, அவனேதான். கோழி இந்தத் தடவை ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. தாட்சாயிணி அதைத் தூரத்திலிருந்து பார்த்தாள்.  தெரிந்திருக்கிறது, படுபாவிக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, தப்பு எங்கே என்று.

விடியற்காலையில் பம்பை அடித்துப் பூசாரி கையில் காப்புக் கட்டினார்கள். கூடாரத்துக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து கும்பிட்டார்கள், படம் பிடித்தார்கள், நெற்றியில் மஞ்சள் வைத்துக்கொண்டார்கள். நிர்மல் முன்னால் நின்று, இது தொன்மையான சடங்கு என்று விளக்கம் வேறு சொன்னான். காலையில் ரொட்டியும் ஜாமும் தின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேலூர் பைபாஸில் ஓட்டல் பேசியிருந்ததால் கையில் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

பதினோரு மணிக்கு மூட்டை கட்டி வந்தபோது தோரணத்துக்குக் குறுக்கே ஊர்க்கவுண்டரும் பத்துப் பன்னிரண்டு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் முறைக்கவில்லை. கவுண்டர் எழுந்து வணக்கம் சொல்லி, புதன்கிழமை மஞ்சள் நீர் ஆடிய பிறகு போகலாம், அதுவரை நீங்கள் எங்கள் விருந்தாளிகள் என்றார். நிர்மல் சிரித்துப் பார்த்தான். பிறகு கெஞ்சினான். திங்கட்கிழமை ஆபீஸ் என்றான். கவுண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், கட்டிப்போட மாட்டோம், தாண்டிப் போகிறதானால் போங்கள், ஆனால் அதற்குப் பிறகு இந்த ஊருக்குள் உங்கள் வண்டி வராது. தை மாதம் வரைக்கும் இந்த ஊரை நம்பித்தான் அவன் ஆள் சேர்த்து வைத்திருந்தான். பஷீருதீன் பக்கம் திரும்பினான்.

"ஊர்க் கட்டுன்னா கட்டுதான் சார். நா வண்டி எடுக்க மாட்டேன்" என்றார் பஷீருதீன். அவனிடம் அவர் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் ஒரு மணி. இருபத்திரண்டு பேர் நிர்மலைச் சுற்றி நின்று பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னாடியே விசாரிக்க மாட்டாயா என்று ஒருத்தன் சட்டையைப் பிடிக்காத குறை. அப்போது கோயில் பக்கமிருந்து கஞ்சி வாசனை வந்தது. சாமையும் மொச்சையும் வெந்து, மோர் ஊற்றிக் கலக்கிய வாசனை. பொன்னியம்மா வந்து எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஊர் ஜனத்தோடு அவர்களும் மந்தார இலையும் தொன்னையுமாக வரிசையில் நின்றார்கள். பெரிய பானைக்குப் பின்னால் கரண்டியோடு தாட்சாயிணி நின்றாள்.

வரிசையில் முதலில் நின்றது ஜெபா என்ற பெண். அம்பத்தூரில் வேலை பார்க்கிறவள். தொன்னையை நீட்டினாள். தாட்சாயிணி கரண்டியைப் பானைக்குள்ளேயே நிறுத்தினாள்.

"ஒரு நிமிசம் கண்ணு. போடறேன், உங்களுக்காகத்தான் ஆக்கினது. ஆனா என் கை சுத்தமில்லன்னு போன வருசம் போன்ல போட்டுட்டாங்க, போட்டோவோட. போட்டவரு உங்க கூடதான் நிக்கறாரு. சுத்தமா இல்லயான்னு அவரையே கேட்டுட்டுத் தொன்னைய நீட்டு."

இருபத்திரண்டு தலைகளும் திரும்பின. ஊர் ஜனமும் திரும்பியது. நிர்மல் வரிசையின் கடைசியில் நின்றிருந்தான்.  சுத்தமில்லை என்று சொன்னால் மூன்று நாள் இத்தனை பேரும் பட்டினி, பட்டினி கிடப்பவர்கள் அவனைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். சுத்தம் என்று சொன்னால் அன்றைக்கு எழுதியது பொய்.  அது அப்போது நடந்த ஒரு சின்னக் குழப்பம் என்று இழுத்தான்.

"இன்னா கொழப்பம்?" என்றார் பஷீருதீன். வரிசையை விட்டு வெளியே வந்து நின்றார். "கோழிய வண்டி மேல கட்னது நானு. கட்டச் சொன்னது நீங்க. ஏழு மணி நேரம் வெயில்ல கெடந்துச்சு. தூக்கிப் போடுன்னு இந்த அக்கா சொல்லச் சொல்ல, சுட்டது நீங்க. வாயத் தொறக்காம இருந்தது என் தப்பு. அத்த இப்ப சொல்லிட்டேன்."

ஜெபா தொன்னையைக் கீழே இறக்காமலே நிர்மலைப் பார்த்து, உண்மையா என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான்.

"எனக்குக் காது கேக்கல" என்றாள் தாட்சாயிணி.

"ஆமா. என் தப்புதான். அக்கா சமைச்சதுல ஒண்ணும் இல்ல. கோழி கெட்டுப்போனது எனக்குத் தெரியும்."

"போன்ல எழுதினத வாயால சொன்னா ஆச்சா? என் மூஞ்சியப் போட்ட அதே எடத்துல எழுதிட்டு வா. நீ போய்ட்டு வர்றதுக்குள்ள இவங்க சாப்பிடட்டும்."

நெல்லிமரத்தூரில் போன் பேசலாம், நெட் கிடைக்காது. ஊருக்கு மேலே இருக்கிற பாறைக் கரட்டின் உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும். எல்லைக்கு உட்பட்டதுதான், ஏற முக்கால் மணி ஆகும். வெறும் வயிற்றோடு அந்த வெயிலில் அவன் ஏறினான். கூடவே ஒருத்தன் சாட்சிக்குப் போனான். கீழே தாட்சாயிணி பானையை வழிக்க வழிக்கப் பரிமாறினாள். தாளிக்காத கஞ்சிக்கு இத்தனை ருசியா என்று பிள்ளைகள் மூன்றாம் தடவை வந்து நின்றார்கள். ஆபீஸை மறந்து பம்பைக்காரரிடம் பம்பை வாங்கித் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு நிர்மல் இறங்கி வந்தான். எழுதிவிட்டான் என்று சாட்சி போனவன் தன் போனைக் காட்டினான். பொய் சொன்னேன் என்ற வார்த்தையும் இருந்தது, அவள் பெயரும் இருந்தது. தாட்சாயிணி இரண்டு தடவை படித்தாள். பெரிய பானை காலியாகிக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அவனுக்கு என்று ஒரு சின்ன மண்சட்டியில் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தாள். இலையைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

அவன் கை வைக்கவில்லை. சட்டியைப் பார்த்தான். கழுவிக் கவிழ்த்த பானையைப் பார்த்தான். லேசாகக் குனிந்து மோந்தான்.

"அக்கா, இது எல்லாரும் சாப்பிட்டதுதானே?"

அவள் இலையை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவன் முதல் வாய் எடுத்து வைக்கிற வரைக்கும் பார்த்தாள். அவன் மெதுவாக மென்றான். விழுங்குவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தினான்.

அன்று மாலையிலிருந்து புதன்கிழமை வரைக்கும் ஒவ்வொரு வேளையும் அவனுக்கு மட்டும் அந்தச் சட்டியில்தான் போட்டாள். மற்றவர்களுக்குப் பானையிலிருந்து. ஒவ்வொரு வேளையும் அவன் பார்த்தான், மோந்தான், நிறுத்தி நிறுத்தி விழுங்கினான். கேட்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் முகம் சுண்டிப் பாதி ஆளாகிவிட்டான்.

மஞ்சள் நீர் ஆடி முடிந்து வேன் கிளம்பியது. தாட்சாயிணியும் அதில்தான் திரும்பினாள், பஷீருதீனுக்குப் பக்கத்து சீட்டில். நிர்மல் கடைசி சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மலை இறங்கும்போது பஷீருதீன் குரலைத் தாழ்த்தி, அந்தச் சட்டியில் இன்னா போட்டே அக்கா என்று கேட்டார்.

"எல்லாருக்கும் போட்டதுதான் பாய். சாமை, உப்பு, மோர். வேற ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குத் தனிச் சட்டி? பயந்தே செத்தான் பாவம்."

தாட்சாயிணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் பொண்ணு ரெண்டு வாயி தின்னா பாய், நான் கொடுத்த சோத்த. மோந்து பாத்துட்டுத் தின்னா" என்றாள்.